ஒத்துக்கொள்ளாத புத்தகம்

முனிரத்தினம் என் மருந்தகத்துக்கு மாடு இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

மொரப்பூர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் காலை எப்படி இருக்கும் என்று இந்தத் தொடரில் முன்பே புலம்பியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்காக இன்னொரு தடவை. வேப்ப மரத்தடியில் நாலைந்து மாடுகள், அதைப் போல மூன்று பங்கு ஆடுகள், கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர். சாணி வாசனையும் டிஞ்சர் வாசனையும் கலந்து அடிக்கும். நடுவில் முழங்கைவரை நனைந்துகொண்டு நான். மாட்டு டாக்டர். பொம்பளை மாட்டு டாக்டர் என்று ஆரம்பத்தில் அழுத்திச் சொல்வார்கள், இப்போது டாக்டரம்மாவோடு நின்றுவிட்டது.

முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கையில் ஒரு புத்தகம். அதை இரண்டே விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார்.

"டாக்டரம்மா, நீங்க குடுத்த புக்கு எங்க வூட்டுக்கு ஒத்துக்கலைங்க."

கன்றுக்குட்டி ஒன்றுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். "ஒத்துக்கலைன்னா? வாந்தியா, பேதியா?"

"சிரிக்காதீங்க. செல்வி மாட்டை விக்க மாட்டேங்குது."

செல்வி அவர் மனைவி. பத்தாவது வரைக்கும் படித்தவள், கையில் எது கிடைத்தாலும் படிப்பவள், மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டாள். மாடு என்றால் செவலை. அந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பால் கறந்த பசு. பால் வற்றிவிட்டது. இரண்டு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. கம்பைநல்லூரில் இருக்கிற மச்சான் ஒரு நல்ல இளங்கிடேரி தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் கோடை. தீவனத்துக்கு இருந்த சோளத்தட்டுப் போர் இடுப்புயரத்துக்கு இறங்கிவிட்டது. மழை வரும்வரை ஒரு மாட்டுக்குத்தான் காணும். ஆக, செவ்வாய்க்கிழமைச் சந்தையில் செவலையைத் தள்ளிவிட்டு, கிடேரியை ஓட்டிவருவது என்று ஏற்பாடு.

கறவை நின்ற கிழட்டு மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"சந்தைக்கு எதுக்குப் போவுதுன்னு மாட்டுக்கும் தெரியுமாம்ங்க. கூட இருந்த மாட்டைக் காணோம்னா தேடுமாம். நம்ம மூஞ்சிய ஞாபகம் வச்சிருக்குமாம். எல்லாம் இதுல போட்டிருக்குதாம்." புத்தகத்தை என் மேசைமேல் போட்டார். "ராத்திரி சோறு போட்டுட்டு, தட்டைப் பாக்காம என்னையவே பாக்குதுங்க. கொலகாரனைப் பாக்கறாப்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, செல்வி அந்தப் பார்வை பார்த்திருப்பாள் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

சொன்னவர் பொறுப்பு

இந்தப் புத்தக வைத்தியம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். மாடு கன்று போடக் காத்திருப்பது போல நேரம் நகராத வேலை உலகத்தில் வேறில்லை. கூப்பிட்டுவிடுவார்கள், ஓடுவேன், மாடு சாவகாசமாக அசை போடும். அதனால் பையில் எப்போதும் ஒரு புத்தகம். ஊசி, நூல், கையுறை, புத்தகம். "என்னம்மா படிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். சொல்வேன். "நல்லாருக்குதா?" என்பார்கள். நல்லாயிருந்தால் கொடுத்துவிட்டு வருவேன். நாளாக ஆக, மாட்டுக்கு மருந்தும் வீட்டுக்குப் புத்தகமும் கேட்டு வாங்குவது பழக்கமாகிவிட்டது.

புதிதாக வந்த புத்தகங்களை மட்டும்தான் சொல்வேன். பழைய நல்ல புத்தகங்களுக்கு ஆயிரம் பேர் சொந்தம் கொண்டாட இருக்கிறார்கள். நேற்று அச்சாகி வந்ததுதான் யாருமில்லாமல் நிற்கும். அறிவியல் ஒன்று, கதை ஒன்று, சரித்திரம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பேன். ஒரே தீவனத்தைப் போட்டால் மாட்டுக்கே வயிறு உப்பிக்கொள்ளும்.

ஆனால் எங்கள் ஜில்லாவில் ஒன்றைச் சிபாரிசு செய்வது விளையாட்டில்லை. பெண் சொன்னவர், மாடு சொன்னவர், கிணற்றுக்கு இடம் சொன்னவர் இவர்களெல்லாம் ஆயுசுக்கும் பதில் சொல்ல வேண்டும். தண்ணி வராத கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று, "யாருய்யா இங்க வெட்டச் சொன்னது?" என்று பேரன் காலத்தில்கூடக் கேட்பார்கள். அந்த வரிசையில் புத்தகம் சொன்னவளையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு லாரி டிரைவருக்கு நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். தொப்பூர்க் கணவாய்க்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சரக்கு தாமதம். அவர் மனைவி என் வாசலுக்கு வந்து, "கீழ பாத்து ஓட்டற மனுசனை மேல பாக்க வச்சிட்டீங்களே" என்றாள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய புத்தகத்தைப் படித்த ஒருவர், "அத்தனையும் உசுரு" என்று வாசலைப் பெருக்க விடவில்லை. அந்த வீட்டு மாமியாரும் மருமகளும் பல வருஷப் பகையை மறந்து ஒன்றாக என்னைத் திட்டினார்கள். அந்தப் புண்ணியம் என்னைத்தான் சேரும்.

தலைப்புகளை ஏன் எழுதவில்லை என்று கேட்டு எழுதாதீர்கள். முன்பு ஒரு தடவை எழுதினேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாம் எனக்கே கடிதம் போட்டார்கள்.

முறிமருந்து

முனிரத்தினம் நகரவில்லை.

"விஷத்துக்கு முறிமருந்து இருக்குதில்லைங்க? இந்தப் புக்குக்கும் ஒரு முறிமருந்து குடுங்க. செவ்வாக்கெழமைக்கு எட்டு நாளுதான் இருக்குது."

அந்த அறிவியல் புத்தகத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், இப்போதும் சொல்கிறேன், நல்ல புத்தகம். ஆடு மாடுகளின் மனசைப் பற்றி, நம் வீட்டுத் தமிழில், மிரட்டாமல் எழுதியிருந்தது. எனக்கு அதில் பிடித்தது வேறு. எழுதியவர் தனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதியிருந்தார். மாட்டுக்குச் சந்தை எதற்கு என்று தெரியும் என்றெல்லாம் அதில் ஒரு வரிகூட இல்லை. அது செல்வி சேர்த்துக்கொண்டது.

ஆனாலும் என் மேசைக்கு முன்னால் நிற்பவருக்கு ஏதாவது தர வேண்டும். பையில் ஒரு சரித்திரம் இருந்தது. நம் பக்கத்து நிலத்தின் கதை. நடுகல் காலத்தில் தொடங்கி ரயில் பாதை போட்ட காலம் வரைக்கும் வரும். எழுதியவர் செருப்புத் தேய நடந்து அலைந்து எழுதியிருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரியும். அதன் பின்பாதியில் பஞ்ச காலத்தைப் பற்றி ஓர் அத்தியாயம். மாடுகளை விற்று மனுஷர்கள் பிழைத்ததை அழுகையில்லாமல் சொல்லியிருக்கும். அதை நினைத்துக்கொண்டு, "இதை செல்விகிட்ட குடுங்க, பஞ்சத்தைப் பத்தி வரும், படிக்கச் சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

நான் கணக்குப் போடாத விஷயம் ஒன்று. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றிருந்தது. பேசாத பெண்டாட்டியிடம் புத்தகத்தை எப்படிக் கொடுப்பது? தானே படித்து, அவள் காதில் விழுகிற மாதிரி உரக்க வாசித்துக் காட்டலாம் என்று முனிரத்தினம் யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான். மனுஷர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் நாள் வந்தார். நெற்றியில் பெரிதாகக் குங்குமம்.

"டாக்டரம்மா, மாட்டை விக்கறதா இல்லைங்க."

"என்னது?"

"நம்ம சீமையில மாட்டை மீட்கப் போயி செத்தவனுக்குத்தான் கல்லு நட்டாங்களாமே! படத்தோட போட்டிருக்குது. எங்க கொல்லையில செவலையக் கட்டறோமே ஒரு கல்லு, அதைக் கழுவிப் பாத்தங்க. ஆளு தெரியறான். கையில வில்லு. எங்க முப்பாட்டன்தாங்க."

"பஞ்சத்தைப் பத்தி வருமே, அதைப் படிச்சீங்களா?"

"அது கடைசிலங்களே. மொத பக்கத்துல இருந்து படிக்கலைன்னா புக்குக்கு மருவாதியா?"

அன்று சாயங்காலம் அந்தப் பக்கமாக ஒரு ஆட்டைப் பார்க்கப் போனவள், கல்லையும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளிப்பூ மாலை போட்டு ஜம்மென்று நின்றது. உற்றுப் பார்த்தால் வில் தெரிந்தது. இன்னும் உற்றுப் பார்த்தால் அரிவாள் தீட்டிய கீறல் தெரிந்தது. பக்கத்தில் கைகட்டி நிற்கிறவரிடம் எதையென்று சொல்வது? "நல்லா இருக்குதுங்க" என்றேன். செவலையை வேறு இடத்தில் கட்டியிருந்தார்கள். முப்பாட்டன்மேல் மாடு உரசக் கூடாதாம்.

அதன் இன்னொரு பாதி

மறுநாள் செல்வியே வந்துவிட்டாள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"நான் ஒரு வார்த்தை சொன்னேனுங்க. இவரு கோயிலே கட்டிட்டாரு. கிடேரி வர்றது உறுதி, மச்சான்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. செவலையும் இருக்குமாம், அதுவும் இருக்குமாம். தட்டு எங்கங்க இருக்குது? முப்பாட்டன் கொண்டாந்து போடுவானா?"

"நீதானே விக்கக் கூடாதுன்னே?"

"சொன்னேன். மனசு கேக்கலை, சொன்னேன். இவரு மாட்டேன்னு நிப்பாரு, நான் அழுதுட்டு அப்புறம் சரிம்பேன்னு நெனச்சேனுங்க. இப்ப ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா கணக்கை யாருங்க பாக்கறது?"

குடும்பம் நடத்துகிற வித்தையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடும் வேணாம் மனுசனும் வேணாம். எதாவது கதைப் புக்கு குடுங்க. கொஞ்ச நேரம் வேற வூட்டுக் கவலையப் பாக்கறேன்."

பையில் இருந்தது ஒரே நாவல். அந்த மாதம்தான் வந்திருந்தது. பாதிதான் படித்திருந்தேன். அந்தப் பாதி முழுக்க ஒரு கல்யாணம், சீர்த்தட்டுச் சண்டை, கறிச்சோற்றில் உப்பு இல்லை என்று பந்தியில் எழுந்து போன ஒரு பெரியப்பா. படித்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. தாராளமாகக் கொடுத்தேன்.

இதைப் படிக்கிற அன்பர்களே, பாதி படித்த நாவலை யாருக்கும் சொல்லாதீர்கள். எழுத்தாளர்கள் எல்லாக் கொடுமையையும் இன்னொரு பாதியில்தான் வைத்திருப்பார்கள்.

வேறு பிரதி வாங்கி மீதியைப் பிற்பாடு படித்தேன். மழை தப்பிய வருஷம். அதே சிரித்த வீடு. கிழட்டுக் காளையை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். இருந்த வைக்கோலை அது தின்கிறது. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் இளங்கன்று ஒன்று, தாயைப் பார்த்தபடியே செத்துப்போகிறது. மூன்றே பக்கம். எழுதியவர் ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட அந்தப் பக்கங்களில் சிந்தவில்லை, அதனாலேயே நான் சிந்தினேன். இந்த வருஷம் ஒரே ஒரு நாவல் படிப்பதாக இருந்தால் அதைப் படியுங்கள். ஆனால் வீட்டில் வயசான மாடு இருந்தால் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். முன்னால் செல்வி, கையில் கயிறு. கயிற்றில் செவலை. குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவியிருந்தாள். பின்னால் பைக்கை உருட்டிக்கொண்டு முனிரத்தினம். வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்க டாக்டரம்மா, இது பண்றது நாயமா?" என்றார் என்னைப் பார்த்து.

செல்வி அவரைப் பார்க்கவே இல்லை. அவள் அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வர்றது சின்ன உசுருங்க. பெருசைக் காப்பாத்தறேன்னு சின்னதைப் பட்டினி போட முடியாது. நான்தான் வித்துட்டு வர்றேன்னேன். இவரு போனா பாதி வழியில திரும்பிடுவாரு."

"அப்புறம் இங்க எதுக்கும்மா?"

"ஒரு தடவை பாத்துடுங்க. ரெண்டு மாசமா வயிறு ஒரு மாதிரி இருக்குது. எதாவது நோவு இருந்தா ஒரு ஊசி போடுங்க. போற எடத்துல வலியோட போவக் கூடாதுங்க."

எத்தனையோ வருஷம் இந்த வேலை பார்க்கிறேன். சந்தைக்குப் போகிற மாட்டுக்கு வலி இருக்கக் கூடாது என்று யாரும் என்னிடம் வந்ததில்லை. இவ்வளவுக்கும் காரணம் என் பை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், மருந்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

தோள்வரைக்கும் கையுறையை மாட்டினேன். செவலையைப் பரிசோதனைக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி, பின்னால் போய்க் கையை உள்ளே விட்டேன். இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும், எங்களுக்குக் கண் அங்கேதான் இருக்கிறது. கட்டியா, வீக்கமா, என்ன வேதனை என்று விரலால் துழாவினேன்.

விரலில் ஏதோ முட்டியது. விலகிப் போனது. அசையாமல் நின்றேன். தண்ணீருக்குள் மிதக்கிற தேங்காய் போல மெல்லத் திரும்பி வந்து, மறுபடி என் விரலில் முட்டியது.

"செல்வி, இது எப்பவாவது கயித்தை அறுத்துகிட்டு ஓடுச்சா?"

"ஓடுச்சுங்களே. பொங்க கழிச்சு. ரெண்டு நாளு தேடினோம். மலையடிவாரத்துல யாரு மந்தையோடவோ நின்னுட்டு இருந்துச்சு."

"மந்தையில காளை இருந்துச்சா?"

"காளை இல்லாம மந்தைங்களா?" என்றார் முனிரத்தினம். சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. பைக்கை அப்படியே விட்டார். அது வேப்ப மரத்தில் சாய்ந்தது.

"அஞ்சு மாசம்," என்றேன். "சினையா இருக்குது, செல்வி. கன்னு என் கையில முட்டுது."

வேப்ப மரத்தடியில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கக்கத்தில் இருந்த கோழி மட்டும் பேசியது.

முனிரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டு, மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "பருவத்துக்கே வரலை, வயசாயிருச்சுன்னு நெனச்சோமேங்க! அது வேலைய முடிச்சிட்டு வந்து நின்னிருக்குது! டாக்டரம்மா, நீங்களும் மூணு புக்கு குடுத்தீங்க. மொத நாளே இந்தக் கைய வுட்டிருந்தா..."

"நீங்க மாட்டைக் கொண்டாந்தீங்களா? புக்கைத்தானே கொண்டாந்தீங்க?" என்று பாய்ந்தேன். தப்பு என் பேரில் இருக்கும்போது எனக்கு வாய் நீளும்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கறீங்களா?"

செல்வி. அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. செவலையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்திருந்தாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் அப்போதுதான் வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி? வித்திருப்பேன்டி. என் கையாலயே உன்னைய வித்துட்டு வந்திருப்பேன்டி."

செவலை அவள் தோளை நக்கியது. உப்புக்காக நக்கும், அன்பாலும் நக்கும், எதற்கென்று எங்களுக்குத் தெரியாது என்று அந்த அறிவியல் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. செல்வியும் படித்திருப்பாள். அவளுக்கு அப்போது அது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

கிடேரி வேண்டாம் என்று முனிரத்தினம் அங்கேயே மச்சானுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன திட்டு விழுந்ததோ, "திட்டுங்க மச்சான், திட்டுங்க" என்று இளித்துக்கொண்டே நின்றார். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் செல்வி கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். அவர் பைக்கை என் பொறுப்பில் விட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே சந்தைக்கு மாடு ஏற்றிப் போகும் சின்ன லாரி ஒன்று வந்து நின்றது. கொம்புக்கு எண்ணெய் தடவிய மாட்டைப் பார்த்ததும் டிரைவர் தலையை நீட்டி, "சந்தைக்குங்களா? எடம் இருக்குது, ஏத்துங்க" என்றார்.

முனிரத்தினம் செவலைக்கும் லாரிக்கும் நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"புள்ளத்தாச்சிப்பா இது! ஹாரன் அடிக்காம ஓரமாப் போ!"